ஃபார்மட் அடிச்சா எல்லாம் சரியாயிடுமாம்!

நம்ம ஊரில் காய்ச்சல் என்றால் ஊசி, லேப்டாப்பில் நெட் வரவில்லை என்றால் ஃபார்மட். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றுதான். என்ன நோய் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நாம் கேட்டாலோ, "உனக்கென்ன தெரியும், பேசாம உட்காரு" என்று பதில் வரும்.

போன செமஸ்டரில் என் ரூம்மேட்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவன் லேப்டாப் அமெரிக்காவில் இருக்கும் அவன் அண்ணன் வாங்கி அனுப்பியது. ஒருநாள் காலையில் பார்த்தால், எங்கள் மாடி வைஃபையின் பெயர் அதில் தெரியவில்லை. கீழ் மாடி வைஃபை தெரிகிறது, எதிர் வீட்டு வைஃபை கூடத் தெரிகிறது. எங்கள் எல்லோர் மொபைலிலும் எங்கள் மாடி வைஃபை ஜோராக ஓடுகிறது. அவன் லேப்டாப்பில் மட்டும் இல்லை.

ஹாஸ்டலில் 'சிஸ்டம் தெரிஞ்சவர்' என்று பெயரெடுத்த சீனியர் ஒருவர் வந்தார். பத்து நொடி பார்த்தார். "வைரஸ்டா தம்பி. கண்டதையும் டவுன்லோட் பண்ணியிருப்பே. ஃபார்மட் அடிச்சிடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். சர்வீஸ் கடைக்காரரும் அதையே சொன்னார். 500 ரூபாய் வாங்கினார், அடித்தார். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 40 பக்கம் போச்சு. ரூமுக்குக் கொண்டுவந்து ஆன் செய்தால்... அந்த வைஃபை இப்பவும் தெரியவில்லை!

அன்று ராத்திரி என் மொபைலில் வைஃபை சேனல்களைக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மாடி ரவுட்டர் 13-ஆம் சேனலில் இருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்கச் சந்தைக்காகத் தயாராகும் பல லேப்டாப்கள் 11-ஓடு நின்றுவிடும். 12-லும் 13-லும் ஒரு ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் அவற்றின் காதில் விழாது. முந்தின நாள் கரண்ட் போய் வந்தபோது எங்கள் ரவுட்டர், ஆட்டோ செட்டிங் என்பதால், தானாகவே 13-க்குத் தாவியிருக்கிறது. மறுநாள் மெயின்டனன்ஸ் அண்ணனிடம் சொன்னோம். சேனலை 6-க்கு மாற்றினார். இரண்டு நிமிட வேலை. 40 பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

"பேக்கப் எடுக்காதது அவன் தப்புதானே?" என்று கேட்பீர்கள். தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கத்தியைக் கையில் எடுப்பவன்தானே எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்?

இத்தனைக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் நாலே நாலுதான். நெட் இணைப்பு என்பது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: வைஃபையின் பெயர் தெரிகிறதா? எந்தப் பெயருமே தெரியவில்லை என்றால் ஏரோப்ளேன் மோடு, வைஃபை ஸ்விட்ச், டிரைவர் ஆகியவற்றைப் பாருங்கள். மற்றவை தெரிந்து ஒன்று மட்டும் தெரியவில்லை என்றால் சேனலைச் சந்தேகப்படுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடும் வைஃபையும் பழைய லேப்டாப் சிலவற்றுக்குத் தெரியாது.

இரண்டாவது: கனெக்ட் ஆனபின் ஐபி முகவரி கிடைத்ததா? கமாண்ட் விண்டோவில் ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் தெரியும். 169.254 என்று ஆரம்பித்தால், முகவரி கொடுக்க யாரும் வரவில்லை, லேப்டாப்பே தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அங்கே ரவுட்டரையும் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது: ரவுட்டர் பதில் சொல்கிறதா? அதே இடத்தில் 'டீஃபால்ட் கேட்வே' என்று ஒரு எண் இருக்கும், பல இடங்களில் 192.168.1.1. அதை பிங் செய்யுங்கள். பதில் வந்தால் உங்கள் லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ரோடு நன்றாக இருக்கிறது.

நான்காவது: வெளியுலகம் பதில் சொல்கிறதா? 8.8.8.8-ஐ பிங் செய்யுங்கள். அது கூகுள் 2009-இல் ஆரம்பித்த டிஎன்எஸ் சேவையின் முகவரி. எண்ணுக்குப் பதில் வந்து, பெயர் அடித்தால் மட்டும் சைட் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஒரு எச்சரிக்கை: சில காலேஜ் நெட்வொர்க்குகளில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே மௌனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

"சிக்னல் ஃபுல்லா இருக்கே சார், அப்ப லேப்டாப்தான் போச்சு" என்பார்கள். அந்தக் கோடுகள் சொல்வது ரவுட்டரின் ரேடியோ எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான். ரவுட்டருக்கு வெளியே கேபிளை எலி கடித்துப் போட்டிருந்தாலும் நாலு கோடும் கம்பீரமாக நிற்கும்.

இன்னொரு வேடிக்கை, லேப்டாப் தேதி. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போய்விட்டால், பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான சைட்கள் திறக்காமல் அடம்பிடிக்கும், ஏனென்றால் அவற்றின் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று லேப்டாப் நினைத்துக்கொள்ளும். தேதியை மாற்றினால் தீர்ந்தது.

"போடா, நான் ஃபார்மட் அடிச்சேன், சரியாச்சே!" என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. ஆகியிருக்கும். டிரைவரோ நெட்வொர்க் செட்டிங்கோ கெட்டுப் போயிருந்தால், எல்லாவற்றையும் அழித்து எழுதும்போது அதுவும் சேர்ந்து சரியாகும். ஆனால் விண்டோஸ் 10-லும் 11-லும் அதற்கென்றே 'நெட்வொர்க் ரீசெட்' என்று ஒன்று இருக்கிறது. அது நெட்வொர்க் அடாப்டர்களை எடுத்துவிட்டுத் திரும்பப் போடும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உங்கள் ஃபைலை அது தொடாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் பூச்சி சாகத்தான் செய்யும். அதை வைத்தியம் என்று சொல்லலாமா?

எனக்குக் கடைக்காரர் மேல் கூட அவ்வளவு கோபம் இல்லை. ஒவ்வொரு லேப்டாப்பையும் உட்கார்ந்து விசாரித்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது. கோபம் நம்ம மேல்தான். ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்கைப் படம் போட்டு, கலர் பென்சிலில் அடிக்கோடிட்டு மார்க் வாங்குகிறோம். மேலே சொன்ன நாலு கேள்வியும் அந்தப் படத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் அதை மறந்துவிட்டு, "வைரஸா இருக்கும்" என்று ஜோசியம் சொல்கிறோம். அதுவும் சும்மா இல்லை, லேப்டாப்காரன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு! என் ரூம்மேட் இரண்டு நாள் தான் என்னமோ தப்பு செய்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

அதனால், அடுத்த முறை யாராவது உங்கள் லேப்டாப்பைப் பார்த்து "ஃபார்மட்" என்று வாயெடுத்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எந்த இடத்துல அறுந்திருக்குன்னு பாத்தீங்களா அண்ணே?" பதில் வரவில்லை என்றால் லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிடுங்கள்.

வரும்போது உங்கள் ப்ராஜெக்டை ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள் :-)