நெகிழ்வட்டும் ஓர் ஏடே

ஏடு என்றதும் நம் நினைவுக்கு வருவது பனையோலை. செல்லரித்த சுவடிகளைத் தேடி அலைந்த சி. வை. தாமோதரம்பிள்ளையையும் உ. வே. சாமிநாதையரையும் மேடைதோறும் போற்றுகின்றோம். போற்றத்தான் வேண்டும். 1887இல் அன்னவர் கையால் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் அச்சேறியிராவிடின், இன்று நாம் மாணாக்கர்க்கு எவற்றைக் கற்பிப்போம்? எனினும் அவர்களைப் போற்றும் நம் வீட்டு அலுமாரிகளிலேயே வேறொரு வகை ஏடு அழிந்துகொண்டிருக்கின்றது. அதனை ஏடென்று நாம் இன்னும் மதிக்கவில்லை. யானும் பிந்தியே மதித்தேன்.

1990களின் பிற்பகுதியில், கிண்ணியாவிலும் சூழவுள்ள சிற்றூர்களிலும் வயலிலும் கடலிலும் தொட்டிலருகிலும் பாடப்பட்ட பாடல்களை என் மாணவர் சிலரும் நானும் கேட்டெழுதினோம். துறையைக் கடக்கப் ‘பாதை’ என்னும் மிதவையை நம்பியிருந்த காலம் அது. பாலம் வந்தது 2009இல். திருகோணமலை சென்று, தட்டச்சுக் கடையொன்றில் அப்பாடல்களைக் கணினியில் ஏற்றுவித்துப் பதினொரு புளொப்பிகளில் பெற்றுவந்தேன். நெகிழ்வட்டு என்பர் கலைச்சொல் வகுத்தோர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தபோது கையெழுத்துப் பிரதிகள் சேற்றோடு போயின. உயிர்களை எண்ணி அழுத நாளில் தாள்களை யார் எண்ணுவார்? அலுமாரியின் மேல்தட்டில் இருந்த வட்டுப்பெட்டி மட்டும் தப்பியது. பாடியோருட் பலர் இன்று இல்லை. ஆகவே அப்பெட்டியே மூலப்பிரதியாயிற்று. அவ்வாறிருந்தும் ‘பத்திரமாக இருக்கின்றதே’ என்ற நினைப்பில் அதனைத் திறவாமலே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தேன்.

சென்ற மாரியில், கணினி திருத்தும் தொழில் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெட்டியைக் காட்டினேன். மூன்றரை அங்குல உறைக்குள் மெல்லியதொரு வட்டம். அதன்மேற் பூசிய காந்தத் துகளே எழுத்தைத் தாங்குவது. ஒரு வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். அக்காலத் தட்டச்சு முறையில் நூல்கள் சில அதனுள் அடங்கும். இன்றைய கணினியிலோ அதற்கு வாயிலே கிடையாது. சோனி நிறுவனம் யப்பானில் இவ்வட்டு விற்பனையை 2011இல் நிறுத்திவிட்டது. மாணவர் யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் வாசிப்பான் ஒன்றை எங்கோ தேடிக் கொண்டுவந்தார்.

“சேர், முதலில் மூலையில் உள்ள இந்தச் சிறு துளையைத் திறந்துவிடுவோம். திறந்திருந்தால் வட்டில் புதிதாக ஒன்றும் எழுதப்படாது. வட்டை வடிவமைக்கட்டுமா என்று கணினி கேட்டாலும் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள்” என்றார். பூஞ்சணம் படர்ந்த வட்டு ஒன்றை வாசிப்பானில் இடவே மறுத்தார். வாசிக்கும் முனை வட்டைத் தொட்டே ஓடுவதால் அழுக்கு முனையிற் படிந்து மற்ற வட்டுகளையும் கெடுக்குமாம். வட்டு ஒவ்வொன்றுக்கும் முழுப்படி எடுத்து, அப்படியிலிருந்தே பாடல்களைத் தேடினார். ஓலை நொறுங்குமுன் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் கண்டதும் இம்முறையே அன்றோ?

எட்டு வட்டுகள் வாசிப்புக்கு இசைந்தன. திறந்து பார்த்தால் தமிழைக் காணோம்! ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. “வட்டு பிழைத்துவிட்டது சேர், எழுத்துத்தான் விளங்கவில்லை” என்று மாணவர் கவலைப்பட்டார். எனக்கு விளங்கிற்று. அது பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், நம் நாட்டு அச்சகங்கள் நெடுங்காலம் பாமினியிலேயே உழன்றன. எழுத்துரு இன்னதென்று தெரிந்தபின் மாற்றும் செயலி தன் வேலையைச் செய்தது.

இரண்டு வட்டுகள் இடையிடையே கெட்டிருந்தன. கெட்ட துண்டு ஒவ்வொன்றும் 512 எழுத்துக்குறிகளை விழுங்கியிருந்தது. எதுகையையும் ஓசையையும் கொண்டு, விடுபட்டவை எத்தனை அடிகள் என்று கணித்தோம். ஊகித்து நிரப்பாமல் இடைவெளியென்றே குறித்தோம். அவற்றுள் ஒரு வட்டின் பெயர்ப்பட்டியலில் ‘தாலாட்டு’ என்ற பெயர் இருந்தது. பட்டியல் வட்டின் வெளி விளிம்பில் எழுதப்படுவது. அது நலமாக இருந்தது. பாடல் இருந்த இடமோ முற்றாகச் சிதைந்திருந்தது. பாடிய மூதாட்டி மறைந்து பல்லாண்டுகள். முதுநாரை, முதுகுருகு என்று பெயர் மட்டும் எஞ்சிய நூல்களை மாணவர்க்கு வருந்தி வருந்திச் சொல்லி வந்தவன் யான். அப்பட்டியலில் என் சோம்பலாலும் ஒன்று சேர்ந்துவிட்டது.

‘இது பொறியியலார் வேலை, பண்டிதர்க்கு இங்கு என்ன அலுவல்?’ என்று கேட்பாரும் உளர். அமெரிக்க ஓவியர் அண்டி வார்ஹோல் 1985இல் அமிகா கணினியில் வரைந்த படங்களை, கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தார் பழைய வட்டுகளிலிருந்து மீட்டனர். ஆங்கும் வட்டைப் படித்தது பாதி வேலை. வழக்கொழிந்த கோப்பு வடிவத்தை விளங்கிக்கொண்டது மறுபாதி. நம் தமிழுக்கு அந்த மறுபாதியைச் செய்யவல்லோர், அவ்வெழுத்துருவில் தட்டச்சுச் செய்தோரும், பாடலின் யாப்பும் ஊர்ச்சொல்லும் அறிந்தோருமே. அவர்களுக்கும் வயது ஏறுகின்றது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகத் திட்டமும் ஏட்டிலும் தாளிலும் இருந்தவற்றைக் கணினிக்குக் கொணர்ந்தன. அவர்க்கு நம் நன்றி. தாளைக் காணாமலே வட்டோடு நின்றுவிட்ட கவிதைகளும், நாடகப் பிரதிகளும், பாடசாலை மலர்களும் யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கின்றன.

ஆசிரிய அன்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் அலுமாரிகளைத் திறந்து பாருங்கள். வட்டு அகப்பட்டால் எறியாதீர்கள். எழுத்துரு எது, தட்டச்சுச் செய்தவர் யார், ஆண்டு எது என்று நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். தொழில் அறிந்த இளைஞரை அழைத்துப் படியெடுப்பியுங்கள். ஒருங்குறிக்கு மாற்றியபின்னும் மூலப்படியைக் காத்து, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பனையோலை தன்னைப் பெயர்த்தெழுதத் தலைமுறைகள் அவகாசம் தந்தது. இவ்வட்டோ ஓர் ஆசிரியனின் பணிக்காலம் முடியும்வரைகூடப் பொறுப்பதில்லை.