விளக்கு பிடிக்க ஆள் வேண்டாம்



அறுபது தாண்டிய பெற்றோர் வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பிரஷர் பார்க்கும் மெஷின், சுகர் பார்க்கும் மெஷின், குளியலறைச் சுவரில் கைப்பிடி, வழுக்காத மிதியடி. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்பது என் கட்சி. கையில் பிடிக்க வேண்டாத விளக்கு. கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்வது ஒரு வகை. நெற்றியில் பட்டையால் கட்டிக்கொள்வது இன்னொரு வகை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

"ஒரு டார்ச் லைட்டுக்கு இவ்வளவு பீடிகையா?" என்று கேட்கலாம். இருக்கட்டும், கொஞ்சம் கேளுங்கள். விளக்கு பிடிப்பது நம் வீடுகளில் ஒரு தனி உத்தியோகமாகவே இருந்தது. ஃப்யூஸ் போனால் அப்பா ஸ்டூல் மேல் ஏறுவார். பையன் கீழே நின்று டார்ச் அடிக்க வேண்டும். இரண்டாவது நிமிடம் அவன் கண் சுவரில் இருக்கும் பல்லியிடம் போகும். வெளிச்சமும் கூடவே போகும். "எங்கடா பாக்குற, இங்க காட்டு!" இந்த வசவை வாங்காத ஆள் நம் தலைமுறையில் இருக்க மாட்டார். ராத்திரியில் மாடு கன்று போட்டால் ஒருவர் லாந்தரைத் தூக்கிப் பிடிப்பார், இன்னொருவர் வேலையைப் பார்ப்பார். வேலை ஒருவருடையது, வெளிச்சம் இன்னொருவருடையது.

இப்போது அந்த இன்னொருவர் எங்கே? பையன் பெங்களூரில், பெண் டல்லாஸில். வீட்டில் இரண்டு பேர். சில வீடுகளில் ஒரே ஆள். மின்சாரம் போனால் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கவும், கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரையைத் தேடவும், கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாற்றவும் இரண்டு கை வேண்டும். விளக்கு பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? இந்தச் சாதனம் மிச்சம் பிடித்துத் தருவது கையை மட்டும் என்று நினைக்காதீர்கள். விளக்கு பிடிக்க ஒரு ஆளைக் கூப்பிடும் அவசியத்தையே அது இல்லாமல் செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை ராத்திரி பத்து மணிக்கு எழுப்பக் கூச்சப்பட்டு, இருட்டிலேயே தட்டுத் தடுமாறும் வயதானவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"செல்போனில்தான் லைட் இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்க ஒரு கை போய்விடுகிறது. சிலர் சட்டைப் பையில் போனைச் செருகி லைட் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். குனிந்தால் போன் கீழே விழும். சிலர் வாயில் கவ்விக்கொள்கிறார்கள். பல் செட் வைத்திருப்பவர்கள் அதையும் செய்ய முடியாது. மேலும் மின்சாரம் போன இரவில் போனில் இருக்கும் சார்ஜ், அவசரத்துக்கு யாரையாவது கூப்பிடுவதற்காக இருக்க வேண்டும். அதை விளக்கெரித்துத் தீர்ப்பது புத்திசாலித்தனம் இல்லை.

இதில் மிக முக்கியமானது மாடிப்படி. நம் வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். முறிந்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. இதை எல்லாக் குடும்பமும் ஒரு முறையாவது பார்த்திருக்கும். படி இறங்கும்போது ஒரு கை கைப்பிடிச் சுவரில் இருக்க வேண்டும். இன்னொரு கையில் செம்போ, கைத்தடியோ இருக்கும். அப்படியானால் போன் எந்தக் கையில்? கைப்பிடியை விட்ட கையில்தான். விளக்கைப் பிடிப்பதற்காகக் கைப்பிடியை விடுவது தலைகீழ் ஏற்பாடு. வெளிச்சம் கழுத்திலோ நெற்றியிலோ இருந்தால் கை போக வேண்டிய இடத்தில் போகும்.

அடுத்தது படிப்பு. என் வயதுக்காரர்கள் பலர் "கண்ணு முன்ன மாதிரி இல்லைங்க, படிக்கிறதை விட்டுட்டேன்" என்கிறார்கள். அறுபது வருடம் நூலகமே கதி என்று இருந்தவர்கள் அவர்கள். கண்ணை மட்டும் குற்றம் சொல்வதற்கு முன் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் பாவை சிறுத்துவிடுகிறது, இருட்டிலும் முன்போல விரிவதில்லை. உள்ளே இருக்கும் லென்ஸ் பழுப்பேறிப்போகிறது. இதனால் 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போய்ச் சேர்கிறது. பேரன் படிக்கிற அதே டியூப் லைட்டில் தாத்தாவுக்கு எழுத்து மங்கலாகத் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதற்கு அறையில் இன்னொரு டியூப் லைட் மாட்டுவதைவிட விளக்கைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் சரியான வழி. பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம்தான். ஒரு சின்ன விளக்கை 4 அடியிலிருந்து 2 அடிக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். 1 அடிக்குக் கொண்டுவந்தால் பதினாறு மடங்கு. கழுத்து விளக்கின் சூட்சுமம் இவ்வளவுதான். அது சின்னது, ஆனால் புத்தகத்துக்கு அருகில் இருக்கிறது. நம் தலையின் நிழலும் பக்கத்தில் விழுவதில்லை. சாய்ந்து உட்கார்ந்தாலும், புரண்டு படுத்தாலும் கூடவே வருகிறது. மேஜை விளக்கு அப்படி வராது.

இன்னொரு நன்மையைத் தம்பதிகள் புரிந்துகொள்வார்கள். வயதானால் தூக்கம் துண்டு துண்டாக வருகிறது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பெரிய லைட்டைப் போட முடியாது, பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார். அதனால் இருட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, பழைய கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிக்கொண்டு கிடக்கிறோம். அந்த நேரத்தில் நாலு பக்கம் படிக்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் எழுத்து புகைமூட்டமாகத் தெரிந்தால், விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால், அது விளக்குக் கடைக்குப் போக வேண்டிய விஷயம் இல்லை. கண் டாக்டரிடம் போக வேண்டியது. புரையோ, கண் அழுத்தமோ இருக்கலாம். மற்றபடி, மங்கிய வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் நம்மைப் பயமுறுத்தியதில் உண்மை குறைவு. கண் களைத்துப்போகும், தலை வலிக்கும். நிரந்தரக் கேடு வராது. ஆனால் தினமும் களைத்துப்போகிற கண், ஒரு நாள் புத்தகத்தையே விட்டுவிடும். நஷ்டம் அங்கேதான்.

"நெற்றியில் கட்டிக்கொண்டு திரிந்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?" என்பது அடுத்த ஆட்சேபம். வேலை செய்கிறவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். குமரி மாவட்டத்தில் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் விளக்கோடுதான் போகிறார்கள். ஒரு கையில் கத்தி, மறு கை மரத்தில். மதுரை, சத்தியமங்கலம் பக்கம் இருட்டிலேயே மல்லிகை பறிக்கிற பெண்களும் அப்படித்தான். பூ விரிவதற்குள் மொட்டாகப் பறித்தால்தான் விலை. சுரங்கத் தொழிலாளிகள் நூறு வருடத்துக்கு முன்பே தொப்பியில் கார்பைடு விளக்கு மாட்டியிருந்தார்கள். கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் வரும் வாயுவைக் கொளுத்துவது. திருவிழாக் கடைகளில் அந்த நாற்றம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் தலையில் சுமந்த நெருப்பு இன்று நம்மிடம் சூடே தெரியாத ஒரு பொட்டு வெளிச்சமாக வந்திருக்கிறது. திறன் மிக்க நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் வந்த பிறகுதான் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாயிற்று.

"இன்வெர்ட்டர் இருக்கிறது, அப்புறம் எதற்கு?" என்போருக்கு 2018 நவம்பரை நினைவூட்டுகிறேன். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2016இல் வர்தா வந்தபோது சென்னையிலேயே பல தெருக்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. இன்வெர்ட்டர் சில மணி நேரத்துக்கான ஏற்பாடு.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது ஓர் ஆய்வின் மதிப்பீடு. ஆண்டுக்குச் சராசரி 58,000. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. மோட்டார் போடவும், மடை திருப்பவும் இருட்டில் போகிறவர் கையில் மண்வெட்டி இருக்கும். விளக்கு அவர் தலையில் இருக்கட்டும்.

சரி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? படிப்பதற்குக் கழுத்து விளக்கு, நடமாட்டத்துக்கு நெற்றி விளக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், குடும்பத்தில் படிக்கிறவரா, நடமாடுகிறவரா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கழுத்து விளக்கையும் நிமிர்த்தித் திருப்பினால் வீட்டுக்குள் நடக்கப் போதும். வயல்வெளிக்குப் போதாது.

பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமன் என்று எழுதியிருந்தால் மயங்காதீர்கள். புத்தகத்துக்கு அவ்வளவு வெளிச்சம் கெடுதல், வழவழப்பான தாளில் பட்டுக் கண்ணில் அடிக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிதான் முக்கியம். அடுத்தது நிறம். 3000 கெல்வின் அளவில் மஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. ராத்திரிப் படிப்புக்கு மஞ்சளே இதம். சில நெற்றி விளக்குகளில் சிவப்பு வெளிச்சமும் இருக்கும். பாத்ரூம் போய்வர அது போதும், இருட்டுக்குப் பழகிய கண் அதில் கூசாது.

பட்டன் பெரிதாக, தொட்டே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஒரே பட்டனை ஐந்து முறை அழுத்தினால் ஐந்து விதமாக எரிகிற விளக்கு நமக்கு வேண்டாம். கடைசியில் அது போலீஸ் ஜீப் மாதிரி மின்னுவதில்தான் வந்து நிற்கும். சார்ஜ் செய்கிற வகை என்றால் உங்கள் போன் சார்ஜரே பொருந்துகிறதா என்று பாருங்கள். புயல் இரவுக்கு, ரிமோட்டில் போடுகிற பேட்டரியில் எரியும் வகை ஒன்று இருப்பது நல்லது. சார்ஜ் ஏறும்போது மெத்தை மேல், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. உப்பிப்போனால் யோசிக்காமல் அப்புறப்படுத்துங்கள். பேசும்போது எதிராளி கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வது மரியாதை.

கடைசியாக ஒன்று. வாங்கிவிட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் பயன் இல்லை. இருட்டில் தேட வேண்டிய விளக்கு விளக்கே அல்ல. கட்டில் தலைமாட்டில் ஒரு ஆணி அடித்து, தினமும் அதே இடத்தில் மாட்டுங்கள். மாதத்தில் ஒரு நாள், அமாவாசை என்று வைத்துக்கொள்ளுங்களேன், சார்ஜ் போடுங்கள், மறக்காது. தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் போனில் கேட்கும்போது "ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்று சொல்லும் வழக்கத்தை இந்த வருடம் ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்குங்கள். வேட்டி, புடவை ஏற்கெனவே பீரோ நிறைய இருக்கிறது.