சென்னைக்கு மிக அருகில்

மதுராந்தகத்தைத் தாண்டி அச்சிறுபாக்கம் பக்கம் மனை போடுகிறவர்கள்கூடப் பலகையில் 'சென்னைக்கு மிக அருகில்' என்றுதான் எழுதுகிறார்கள். தமிழ்நாடே கேலி செய்து அலுத்துப்போன விளம்பரம் அது. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிப்பவர்களே, ஊரிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குக் குடிவருகிறது என்றால் ஏறக்குறைய அதையேதான் திருப்பிச் சொல்கிறார்கள். "சிட்டிக்குள்ள எதுக்கு மாப்ள? கொஞ்சம் தள்ளிப் போனா பாதி வாடகைக்கு முடிஞ்சிரும்." மாமன் சொல்வார், அலுவலக நண்பர் சொல்வார், புரோக்கர் சொல்லவே வேண்டாம்.

தள்ளிப் போனால் வாடகை குறையும், அதில் சந்தேகமில்லை. குடும்பச் செலவும் குறைந்துவிடும் என்று சேர்த்து நம்புகிறார்களே, அதுதான் பொய்.

மதுரையிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு நுங்கம்பாக்கத்தில் அலுவலகம். மனைவி மதுரையில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு. கோடம்பாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு 22 ஆயிரம். கூடுவாஞ்சேரியில், ரயில் நிலையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி, அதே அளவு வீடு 11 ஆயிரம் என்று கணக்குக்காக வைப்போம். மாதம் 11 ஆயிரம் மிச்சம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இனி செலவைப் பார்க்கலாம். அலுவலகம் போய்வர நாளுக்கு 70 கிலோமீட்டருக்குக் குறையாது. 25 நாளைக்கு 1,750 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற பைக் என்றால் 39 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றாலே 3,900. இந்த ஓட்டத்துக்கு ஆயில், டயர், சர்வீஸ் என்று 600. பக்கத்துத் தெருவில் நல்ல பள்ளி அமையாததால் பிள்ளைகளுக்கு வேன், ஆளுக்கு 2,000. குடிக்கக் கேன் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீரில் இவர்கள் பங்கு என்று மாதக் கணக்கில் ஓர் ஆயிரம். ஆக 9,500. மிச்சம் என்று கொண்டாடிய 11 ஆயிரத்தில் கையில் நிற்பது 1,500. அவசரத்துக்கு நகரத்து மருத்துவமனைக்கு ஒருமுறை கால் டாக்சியில் போய்வந்தால் அதிலும் பெரும்பகுதி காலி.

காசை விடுங்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மாதம் 75 மணி நேரம் ஜிஎஸ்டி சாலையில் போகிறது. எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் ஒன்பது நாளைக்கு மேல். இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

இந்தக் கணக்கில் மனைவி இன்னும் வரவே இல்லை. பிள்ளைகளை ஏழரைக்கு வேனில் ஏற்றி, நாலரைக்கு இறக்கிக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். கணவர் ஏழே காலுக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புகிறார். அந்த ஆள் யார் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதில்லை. "முதல்ல செட்டில் ஆகட்டும், அப்புறம் வேலை பாத்துக்கலாம்மா" என்று மாமியார் சொல்லுகிற இடத்திலேயே அது முடிவாகிவிடுகிறது. மதுரையில் அந்தப் பெண் 15 ஆயிரம் வாங்கியிருந்தால், குடும்பத்தின் உண்மையான நஷ்டம் அதுதான். வாடகையில் மிச்சம் பிடித்ததைவிட அது பெரிய தொகை. ஆனால் வீட்டுக் கணக்கு நோட்டில் அதற்கு ஒரு வரி இருக்காது.

அமெரிக்காவிலும் இதே மயக்கம் உண்டு. அங்கே சிகாகோவில் இயங்கும் ஓர் ஆய்வு மையம் 2006-இல் வேறொரு அளவுகோலை முன்வைத்தது. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்கினால் போதும் என்பது அதுவரை இருந்த வழக்கம். வீட்டையும் போக்குவரத்தையும் சேர்த்து 45 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்கச் சொன்னது அந்த மையம். அப்படிப் பார்த்ததும், மலிவு என்று பேர்வாங்கிய பல புறநகர்கள் மலிவுப் பட்டியலிலிருந்து விழுந்தன. அங்கே கார், இங்கே பைக்கும் ஷேர் ஆட்டோவும் என்பதுதான் வித்தியாசம்.

"ரயில் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. இன்றும் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த நகரம் தரும் சலுகைகளில் இதற்கு இணையானது வேறில்லை. ஆனால் அந்தச் சலுகை முழுசாகக் கிடைப்பது நிலையத்துக்கு நடந்து போகக்கூடியவர்களுக்கு. அங்கே வாடகை அவ்வளவு குறைவில்லை. வாடகை பாதியாக இருக்கும் இடம் எதுவென்றால், தண்டவாளத்தை விட்டு நாலைந்து கிலோமீட்டர் உள்ளே. விளம்பரத்தில் அந்தத் தூரம் 'ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்' என்று வரும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரில் போய் அளந்த பத்து நிமிடம் அது. ராத்திரி ஒன்பதரைக்கு ரயிலிலிருந்து இறங்குகிறவருக்கு ஷேர் ஆட்டோ நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்பாவிட்டால் மொத்த ஆட்டோவுக்கும் அவரே காசு கொடுக்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை, அங்கே ரயில் கிடையாது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காகச் சாலை நடுவே தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட பிறகு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மதுரை போவதற்குக் கூடுவாஞ்சேரிக்காரர் கொடுத்துவைத்தவர். மீதி நாளெல்லாம் அவர் நுங்கம்பாக்கம் அல்லவா போக வேண்டியிருக்கிறது?

போக்குவரத்துச் செலவைச் சில்லறை என்று நினைப்பவர்களுக்கு அரசின் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. வெறும் டவுன் பஸ் டிக்கெட், அதுவும் ஓர் ஆளுக்கு. முழுக் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று இதை வைத்தே ஊகிக்கலாம்.

தள்ளிப் போனால் செலவு குறையும் என்ற நம்பிக்கையை அரசாங்கமே பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்களை 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள், பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கு மேல். வாடகை என்பதே கிடையாது. மாதம் சில நூறு ரூபாய் கட்டினால் போதும். 'தள்ளிப் போனால் மலிவு' என்பது உண்மையாக இருந்திருந்தால் அந்த மக்கள் நிம்மதியாகக் காலூன்றியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போன பெண்ணுக்கு 20 கிலோமீட்டர் தாண்டி அந்த நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. நாலு வீட்டு வேலை ஒரு வீடாகச் சுருங்கியது, பிறகு அதுவும் போனது. துறைமுகத்திலும் கோயம்பேட்டிலும் மூட்டை தூக்கியவர்கள் வேலை கிடைத்த ராத்திரிகளில் அங்கேயே படுத்தார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு, அல்லது வாடகைக்கு விட்டுவிட்டு, காசு கொடுத்து மறுபடி நகரத்துக்குள் ஒண்டுக்குடித்தனம் புகுந்தவர்கள் எத்தனையோ பேர். கணக்குத் தெரியாமல் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கணக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்ததால்தான் செய்தார்கள்.

தொழிற்சாலைகளுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கியபோது பக்கத்திலேயே குடியிருப்பும் எழுந்தது. எழுபது ஆண்டு கழித்தும் அதே புத்திதான்: 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் வளாகம் திறக்கப்பட்டது. ஆளை எங்கோ தள்ளிக் குடிவைத்து நாள்தோறும் பஸ்ஸில் அள்ளிவருவது நட்டம் என்று தெரிந்ததால்தான் ஆலைகளின் பக்கத்திலேயே கட்டினார்கள். குடும்பஸ்தனுக்கு மட்டும் 'கொஞ்சம் தள்ளிப் பாரு' என்ற அறிவுரை.

மலிவு வாடகைக்குப் பின்னால் தண்ணீரும் இருக்கிறது, இரண்டு விதமாக. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் மூழ்கியது. வாடகை குறைவு என்று போனவர்களின் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதில் போயின. 2019 கோடையில் நேர்மாறு: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. குழாய் போய்ச் சேராத அடுக்ககங்களில் லாரிக்காரர் சொன்னதே விலை. மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. எல்லைப் பலகையை நகர்த்திய வேகத்தில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் நகரவில்லை.

சரி, உள்ளே வீடு கிடைக்கிறதா என்று கேட்பது நியாயம். பல குடும்பங்களை வெளியே தள்ளுவது வாடகையைவிட அட்வான்ஸ்தான். 22 ஆயிரம் வாடகைக்குப் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் 2 லட்சத்து 20 ஆயிரம். மாற்றலாகி வருகிறவர் கையில் அது இருக்காது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. இதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் குறைவு. பிறகு சாதி விசாரணை, 'வெஜிடேரியன் மட்டும்' பலகை, பெயரைக் கேட்டதுமே "இப்பதான் சார் ஆள் வந்துட்டாங்க" என்கிற பதில். வாடகையே கட்ட முடிந்தாலும் இவற்றால் வெளியே போனவர்கள் உண்டு. அவர்களுக்குப் போய் 'உள்ளே தேடுங்கள்' என்று உபதேசம் செய்வது அநியாயம். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் இந்தத் தடை எதுவும் இல்லாதவர்களும் வெளியே போகிறார்கள். பெரும்பாலும் காரணம் பீரோ. சொந்த ஊரில் விசாலமாக இருந்தவர்கள் லாரியில் இரட்டைக் கதவு பீரோ, ஆறு பேர் சாப்பாட்டு மேசை, சோபா செட், கிரைண்டர் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். பெரம்பூரிலோ குரோம்பேட்டையிலோ ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு அகப்பட்டாலும் "பீரோ எங்க வைக்கிறது?" என்ற கேள்வியில் அது தள்ளுபடியாகிறது. குடியிருக்க வீடு பார்க்கிறார்களா, சாமான் வைக்கக் கிடங்கு பார்க்கிறார்களா என்று சந்தேகம் வருகிறது. பீரோவை விற்றுவிட்டுச் சின்ன வீட்டில் இருந்தால் மனைவிக்கு வேலையும், கணவருக்கு மாதம் 50 மணி நேரமும் திரும்பக் கிடைக்கும்.

மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் சிறுசேரியிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கண்டனம் பொருந்தாது. அவர்களுக்குக் கூடுவாஞ்சேரியும் கேளம்பாக்கமும்தான் நகரம்; கோடம்பாக்கம்தான் தள்ளியிருக்கிறது.

மற்றவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுங்கள். பார்த்துவைத்த வீட்டு வாசலிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பி, பஸ்ஸோ ரயிலோ பைக்கோ, நிஜமாகப் போகப்போகிற வழியில் அலுவலக வாசல் வரை போய், மாலை ஆறு மணிக்குத் திரும்பி வாருங்கள். வழியில் ஆன காசை 25-ஆல் பெருக்குங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது, மே மாதத்தில் லாரி வாரத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். மனைவியின் சம்பளத்தையும் தாளில் எழுதுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மிச்சம் தெரிந்தால் தாராளமாகப் பால் காய்ச்சுங்கள்.