தொட்டுக்கக் கொஞ்சம் சோறு

எடையைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று நம்மவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பதில் வரும்.

"ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேன் சார். வெறும் டிபன்தான்!"

டிபன் என்றால்? ஆறு இட்லி. இல்லாவிட்டால் நாலு தோசை. கூடவே பசங்க மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதே என்று ஒரு ஊத்தப்பம். இட்லி மாவில் முக்கால் பங்கு அரிசிதான். ஆனால் நம் அகராதியில் சோறாக வடித்துத் தட்டில் விழுந்தால்தான் அது அரிசி. ஆவியில் வெந்தால், கல்லில் வார்த்தால், இடியாப்பமாகப் பிழிந்தால் அதற்குப் பெயர் 'லைட்டா ஏதோ'.

நான் படித்தது பி.காம். ஒரே செலவை நாலு தலைப்பில் பிரித்து எழுதி ஆடிட்டர் கண்ணில் மண்ணைத் தூவுவது எப்படி என்று ஓரளவு தெரியும். காலையில் இட்லி, மதியம் சாதம், சாயந்திரம் முறுக்கு, ராத்திரி தோசை. தலைப்பு நாலு. செலவு ஒன்றுதான். மாவுச்சத்து.

எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வேளச்சேரி மெயின் ரோடு வண்டிக்காரர்களுக்குச் சொந்தமில்லை. தொப்பைக்காரர்களுக்குச் சொந்தம். சிக்னலில் ஆரம்பித்து கேம்ப் ரோடு வரை கையை வீசிக்கொண்டு ஒரு ஊர்வலம். (2021-ல் செம்பாக்கம் நகராட்சியைத் தாம்பரத்தோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கியபோது நாங்கள் எல்லாரும் ஒரே நாளில் மாநகரவாசிகள் ஆகிவிட்டோம். ஊரின் சுற்றளவோடு எங்கள் சுற்றளவும் பெருத்ததுதான் மிச்சம்.) ஏழு மணிக்குப் பார்த்தால் அதே ஊர்வலம் டிபன் கடை வாசலில் நிற்கும். "அதான் நடந்துட்டோமில்ல!"

நடந்தீர்கள், சரி. கணக்கைப் பார்ப்போமா? எண்பது கிலோ ஆசாமி 5 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 270 கலோரி. ஒரு மசால் தோசை, ஒரு வடை, சர்க்கரை போட்ட ஒரு காபி. வரவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அதை நடந்தே தீர்ப்பது என்றால், ஒரு கவளம்கூட அதிகமாகச் சாப்பிடாமல், ஏறக்குறைய ஒரு மாசம் தினமும் 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதற்குள் தீபாவளி வந்துவிடும்.

இந்த ஏமாற்றத்தில் நாம் முதல் ஆள் இல்லை. லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். தொழில், சவ அடக்கம். சாதாரணப் பிணங்கள் அல்ல. அரச குடும்பத்து இறுதிச் சடங்குகளையே எடுத்து நடத்திய குடும்பம். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். 1862-ல் எடை 202 பவுண்டு, அதாவது 91 கிலோவுக்கு மேல். குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். இப்படியே போனால் தன் கம்பெனிக்குத் தானே வாடிக்கையாளர் ஆகிவிடுவோம் என்று பயம் வராமல் இருந்திருக்குமா?

வைத்தியர்கள் உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். மனிதர் தினம் காலையில் தேம்ஸ் நதியில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். கைக்குப் பலம் வந்தது. கூடவே பயங்கரமான பசியும் வந்தது. அந்தப் பசிக்குச் சாப்பிட்டதில் எடை இன்னும் ஏறியது. கடைசியில் காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது டாக்டரிடம் போக, அவர்தான் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றை நிறுத்தச் சொன்னார். ஒரு வருஷத்தில் 46 பவுண்டு இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் பான்டிங் 1863-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஸ்வீடன் மொழியில் இன்றைக்கும் பத்தியம் இருப்பதற்கு 'பான்டா' என்றுதான் பெயர். (அவருடைய மதியச் சாப்பாட்டில் இரண்டு மூன்று கிளாஸ் ஒயினும் உண்டு. இந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டு வீட்டில் காட்ட வேண்டாம்.)

நம்மூரில் இந்த அலை 2010-களில் பேலியோ என்ற பெயரில் அடித்தது. நியாண்டர் செல்வன் என்பவர் தமிழில் எழுதிய 'பேலியோ டயட்' ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றியது. லஞ்ச் நேரத்தில் டப்பாவைத் திறந்தால் தயிர் சாதத்துக்குப் பதில் நூறு பாதாம் பருப்பு. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தெட்டுதான் இருக்கு. ரெண்டை எவன்டா எடுத்தது?" என்று துப்பறிந்தவர்கள் உண்டு. பலருக்கு நிஜமாகவே எடை இறங்கியது. கேலி பேசியவர்கள் எல்லாரும் தனியாகக் கூப்பிட்டு, "பனீர் எங்க சார் வாங்கறீங்க?" என்று விசாரித்தார்கள்.

எப்படி இறங்குகிறது? எளிமையாகச் சொல்கிறேன். உடம்பு ஒரு மளிகைக் கடை. கல்லாப்பெட்டியில் சில்லறை இருக்கும். அதற்கு கிளைகோஜன் என்று பெயர். கல்லீரலிலும் தசையிலுமாகச் சேர்த்து அரைக் கிலோ அளவு. கொழுப்பு என்பது பேங்கில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட். கல்லாவில் நாலு வேளையும் சில்லறை வந்து விழுந்துகொண்டே இருந்தால் எந்த முதலாளி டெபாசிட்டை உடைப்பான்? மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லா காலியாகிறது, டெபாசிட்டில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் 'ரெண்டு கிலோ இறங்கிட்டேன்' என்று ஆபீஸில் ஸ்வீட் கொடுக்கிறார்களே, போனதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. தண்ணி லாரி. பொங்கலன்று ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல் உள்ளே போனதும் லாரி திரும்பி வந்து வாசலில் நிற்கும். அதைப் பார்த்து மனசு உடைந்து பழையபடி பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

சோற்றை விட்டால் மந்திரம் மாதிரி இளைக்கலாம் என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு மாவுச்சத்து குறைவு, இன்னொன்றுக்குக் கொழுப்பு குறைவு. ஒரு வருஷம் கழித்து, 2018-ல் முடிவு வந்தது. முதல் கோஷ்டிக்குச் சராசரியாக 6 கிலோ, இரண்டாவதுக்கு 5.3 கிலோ இறங்கியிருந்தது. இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை என்றார்கள். எதை விட்டீர்கள் என்பதைவிட எத்தனை மாசம் விட்டிருந்தீர்கள் என்பதுதான் கேள்வி.

இவ்வளவு நேரம் சிரித்தது போதும். கொஞ்சம் சீரியஸான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் எதிர் ஃப்ளாட் நண்பருக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு வருஷமாக சுகர் மாத்திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் ஏதோ வீடியோ பார்த்தார். திங்கட்கிழமை காலையிலிருந்து சோறு, இட்லி, தோசை எல்லாவற்றுக்கும் கும்பிடு. "அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா, ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறார்" என்று அவர் மனைவி என்னிடம் வந்து நின்றார். வீராவேசத்தில் இருக்கிறவரிடம் என்ன சொல்வது? மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் நடக்கக் கிளம்பிவிடுவார்.

புதன்கிழமை கேம்ப் ரோடு தாண்டவில்லை. டீக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. கூட நடந்த நாங்கள் நாலு பேரும், "ஹார்ட்டா இருக்குமோ", "ஆட்டோவைக் கூப்பிடு" என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். டீ மாஸ்டர்தான் நிதானமாகக் கேட்டார்: "சாருக்கு சுகர் இருக்கா? எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வரும்." மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி மெதுவாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் மனிதருக்கு முகம் தெளிந்தது. சர்க்கரையை ஜென்ம விரோதியாக அறிவித்தவரை அன்றைக்குக் காப்பாற்றியது சர்க்கரைதான்.

அப்புறம் டாக்டர் சொன்ன விளக்கம் இது. "அந்த மாத்திரை நீங்க சாப்பிடற ஆறு இட்லியைக் கணக்குப் பண்ணிக் கொடுத்தது. இன்னிக்கு இட்லி லீவுன்னு மாத்திரைக்கு எப்படித் தெரியும்? அது ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இறக்கிட்டே இருக்கும்." மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டு, "இப்ப சோத்தைக் குறைங்க, தாராளமா!" என்றாராம்.

எல்லா மாத்திரையும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் செய்யும். ஆகவே, மருந்து சாப்பிடுகிறவர்கள் தட்டைக் குறைப்பதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். கிட்னியில் கோளாறு உள்ளவர்கள் முட்டையையும் பனீரையும் அள்ளுவதற்கு முன்னாலும் பாருங்கள். வாட்ஸப் அண்ணன் கேம்ப் ரோடு பெஞ்சுக்கு வர மாட்டார்.

அப்படியானால் நடை வீணா? இல்லவே இல்லை. இளைக்க வைப்பது தட்டு. இளைத்ததைக் காப்பாற்றுவது நடை. சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், இறங்குவதில் கால் பங்கு வரை தசையாகவும் இருக்கலாம். டெபாசிட்டை உடைக்கச் சொன்னால் உடம்பு கடையின் அலமாரியையும் சேர்த்து விற்கிற கதை. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வதே தசைதான். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடை, அதோடு இரண்டு நாளாவது தண்டால், பஸ்கி, எடை தூக்குவது என்று ஏதாவது வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் இதுதான். இன்னொன்று: ராத்திரி சாப்பிட்ட கையோடு டி.வி. முன்னால் சாயாமல் தெருவில் கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். செலவு, செருப்புத் தேய்மானம் மட்டும்.

எவ்வளவு குறைப்பது? இதற்குப் பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் வி.மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க வீடு வீடாகப் போய் விசாரித்தன. 2023-ல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். 2025-ல் வந்த கணக்கு, நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்றது. அரிசியை விட்டுவிட்டு அதே அளவு சப்பாத்திக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் பெரிய லாபம் இல்லை என்றும் சொன்னது. ('நான் ரெண்டு வருஷமா சப்பாத்திதான்' கோஷ்டி மன்னிக்கவும்.) மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் வைத்தால் ஆபத்து குறையும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு அவர்கள் 2022-லேயே சொன்ன அளவு 50-லிருந்து 56 சதவீதம். பூஜ்யம் இல்லை, கவனியுங்கள். பத்து சதவீதம் போலக் குறைத்தாலே போதும்.

அந்தப் பத்து சதவீதம் ஏன் இத்தனை கஷ்டமாக இருக்கிறது? காரணம் நாக்கு மட்டும் இல்லை. நம் தாத்தா காலத்தில் பல வீடுகளில் கம்பும் கேழ்வரகும்தான். நெல்லுச் சோறு என்றால் தீபாவளி. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சொன்ன கட்சி ஆட்சியைப் பிடித்தது. 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். ஆசைப்பட்டுப் போராடிப் பெற்ற சோற்றை, பேரன் ஒருவன் கையால் ஒதுக்கினால் வீட்டில் பெரியவர்களுக்கு வலிக்காதா? 'டேய், உனக்கென்ன கொறச்சல்?' என்று அம்மா கேட்பது கலோரியைப் பற்றி அல்ல.

அதனால் சோற்றோடு சண்டை வேண்டாம். பாதாம் பருப்புக்குக் கடன் வாங்கவும் வேண்டாம். 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் தட்டில் பிற்பாடு முட்டையும் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தட்டுக்கு வந்த அறிவு ஆபீஸர் தட்டுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். சுண்டல், வேர்க்கடலை, முட்டை, மத்தி மீன், கெட்டித் தயிர், இவை எதுவும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை.

எடை மிஷினை நம்பாதீர்கள். அது தண்ணி லாரியையும் சேர்த்து எண்ணும். இஞ்ச் டேப்பை எடுங்கள். நம்மூர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம்தான் எல்லை. தொப்புளுக்கு நேராக அளக்க வேண்டும். தொப்பைக்குக் கீழே பேண்ட் போடுகிற இடத்தில் அளந்துவிட்டு 'நான் எப்பவும் முப்பத்தி நாலுதான் சார்' என்கிற கதை செல்லாது.

அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் உட்காரும்போது வாழை இலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் நரம்பு ஓடுகிறது. மேல் பாதி கூட்டு, பொரியல், அவியல், பச்சடி. கீழ் பாதி சோறு. பாதிக்குப் பாதி! தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும் என்று நிபுணர்கள் படம் போட்டுக் காட்டுவதை நம் முன்னோர் இலையிலேயே கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் மேல் பாதியில் ஸ்பூனால் புள்ளி வைத்துவிட்டு, கீழ் பாதியில் சாம்பாருக்கு ஒரு மலை, ரசத்துக்கு ஒரு மலை, மோருக்கு ஒரு குன்று என்று அடுக்கினோம்.

சோற்றுக்குக் கூட்டைத் தொட்டுக்கொண்டது போதும். கூட்டுக்குச் சோற்றைத் தொட்டுக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் பொரியலோடு வரும்போது, "இன்னும் கொஞ்சம்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சாதத்தோடு வரும்போது இரண்டு கையாலும் இலையை மறையுங்கள். கவனம், கையை லேசாக எடுத்தால்கூட ஒரு கரண்டி விழுந்துவிடும். நம்மூரில் பாசம் அப்படி.