பரங்கிமலை மைதானத்தில் எங்கள் குப்பத்துப் பையன் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர் ஆன டீச்சருக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் 'அமரன்' ஓடிக்கொண்டிருந்தது. மீன் கொண்டுவருகிறவள் என் பழைய மாணவி. அன்றைக்கு மகனையும் கூட்டி வந்திருந்தாள். பொன்னேரியில் டிகிரி கடைசி வருடம் படிக்கிறான். வாசற்படியில் உட்கார்ந்து அவனும் படம் பார்த்தான். ஆபீசர் பயிற்சி வந்த இடத்தில், "நீ இதுக்கு எழுதேன்டா" என்றேன். சிரித்தான். "அதுக்கெல்லாம் வேற ஆளுங்க டீச்சர்" என்றான். அந்த 'வேற ஆளுங்க' மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

படத்தைக் குறை சொல்ல வரவில்லை. 2024 தீபாவளிக்கு வந்தபோதே தியேட்டரில் பார்த்து அழுதவள் நான். மேஜர் முகுந்த் வரதராஜன் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பரங்கிமலை ஓடிஏவில் பயிற்சி எடுத்து, 2006இல் ராணுவ அதிகாரியானவர். 2014 ஏப்ரலில் காஷ்மீர் ஷோபியானில் உயிர் விட்டார். மறு வருடம் குடியரசு தினத்தன்று அவர் மனைவி இந்து அசோக சக்கரத்தை வாங்கிய காட்சி உங்களுக்கும் நினைவிருக்கும். முகுந்தாக நடிப்பவருக்குத் தமிழ் வேர் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதாக இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி சொன்னார். நியாயமான ஆசை. சிவகார்த்திகேயனும் உடம்பை ஏற்றி, நடையை மாற்றி உழைத்திருந்தார்.

யார் நடிக்கிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது. என் சண்டை சினிமாக்காரர்களோடு. கதாநாயகனுக்கு இவ்வளவு யோசிக்கிறீர்கள். அவனோடு வரிசையில் நிற்கிற மற்ற கேடட்டுகளுக்கு? இரண்டு முறை பார்த்தும் ஒரு முகம்கூட என் மனதில் நிற்கவில்லை. பரங்கிமலையில் கழிந்த நாட்களும் சில நிமிடங்களில் ஓடிப்போகின்றன. அங்கே பயிற்சி 49 வாரம், ஐயா! சீனப் போருக்குப் பிறகு 1963இல் தொடங்கிய இடம். 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பழவேற்காட்டிலிருந்து 70 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் கரையில் நின்று பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, ராக்கெட் போகிற இடம்கூடப் பரங்கிமலையை விடப் பக்கம்.

கடற்கரைப் பையன் சினிமாவில் எப்போது வருகிறான்? காசிமேடு என்றாலே கத்தி. 'வட சென்னை' நல்ல படம்தான். ராஜன் ஊருக்காக நிற்கிறவன்தான். அவன் கையிலும் கத்திதான். கறுத்த, உப்புக் காற்று பட்ட முகத்தைக் கண்டால் ரவுடிக்கு ஆள் கிடைத்தது என்கிறார்கள். அதே முகத்துக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டி, கேடட் உடை போட்டு, வரிசையில் நிறுத்திப் பார்க்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

முடியாததில்லை. 2009இல் 'பேராண்மை'யில் எஸ்.பி. ஜனநாதன் பழங்குடி இளைஞன் கையில் என்சிசி மாணவிகளை ஒப்படைத்தார். அவனுக்கு நேர்ந்த அவமானத்தையும் மறைக்கவில்லை. இந்தியில் 'லக்‌ஷ்யா' 2004இல் வந்தது. அதில் கதாநாயகன் டேராடூன் அகாடமியில் தாக்குப்பிடிக்க முடியாமல் வீட்டுக்கு ஓடிவருகிறான். பிறகு திரும்பிப் போகிறான். அந்த ஓட்டத்தைக் காட்டினார்களே, அதுதான் ஒரு பையனுக்குப் பாடம். தோற்றவனும் திரும்பி உள்ளே போகலாம் என்று தெரிகிறது. நம் படங்களில் ஒரு பாட்டு முடிவதற்குள் தோள் விரிந்து நட்சத்திரம் ஏறிவிடுகிறது. பார்க்கிற பையன் ஜிம்முக்குப் போகிறான், பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவதில்லை.

உண்மையான தேர்வு எப்படி நடக்கிறது தெரியுமா? சிடிஎஸ் எழுத்துத் தேர்வு தாண்டினால் எஸ்எஸ்பி, ஐந்து நாள். ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு வார்த்தையைக் காட்டி 15 விநாடியில் மனதில் தோன்றியதை எழுதச் சொல்வார்கள், இப்படி 60 வார்த்தை. பிறகு பலகையும் கயிறும் கொடுத்து, கூட்டாகச் சேர்ந்து தடையைத் தாண்டச் சொல்வார்கள். உடம்பு மட்டுமில்லை, நெருக்கடியில் யார் பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஏரிதான் நினைவுக்கு வந்தது. பாடு முறையில் இன்று யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, சண்டையில்லாமல் பிரித்துக்கொள்கிற ஊர். முகத்துவாரம் மணல் மேடாகிவிட்டால் ஒருவன் குரல் கொடுக்க, எட்டு பேர் தோள் கொடுத்துப் போட்டைத் தள்ளுகிற ஊர். பதினாறு வயதில் இதைச் செய்தவனுக்குப் பலகையும் கயிறும் ஒரு பொருட்டா? எங்கே அடிபடுவான் என்றால் மொழியில். சிடிஎஸ் கேள்வித்தாள் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான். எஸ்எஸ்பியில் பேச்சும் அப்படித்தான். தமிழ்வழியில் படித்தவன் அந்த வாசலில் திணறுவதைப் பத்து நிமிடம் காட்டினால் படம் ஓடாதா?

'உயிருக்கு ஆபத்தான வேலைக்குப் பிள்ளைகளைத் தூண்டுகிறாயே அக்கா' என்று உறவுகள் கேட்பீர்கள். கடல் மட்டும் என்ன, மெத்தையா? போகட்டும் போகாமல் இருக்கட்டும், அது அவரவர் இஷ்டம். 'வேற ஆளுங்க' என்று நினைத்துப் போகாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கார்கில் முடிந்த அடுத்த ஜனவரி, 2000. குடியரசு தினத்துக்கு ராணுவ நாடகம் போட்டேன். ஆபீசர் வேஷத்துக்குக் குப்பத்துப் பையன் ஒருவன் மூன்று நாள் என் பின்னாலேயே வந்தான். வசனம் முழுக்க மனப்பாடம். நான் அதைச் சிவப்பாக, உயரமாக, இங்கிலீஷ் பேசிய கடைக்காரர் பையனுக்குக் கொடுத்தேன். இவனுக்கு எல்லை தாண்டி வந்து சுடப்பட்டு விழுகிற வேஷம். "உனக்கு அதான்டா பொருந்தும்" என்று சொன்ன வாய் இந்த வாய்தான். அவன் அவ்வளவு அழகாக விழுந்தான், எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சினிமாக்காரர் பணத்துக்காகச் செய்வதை நான் சம்பளமே இல்லாமல் செய்திருக்கிறேன். அவன் இந்தப் பதிவைப் படிப்பான், பெயர் போட மாட்டேன். நேற்று போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எனக்கு அந்த ஆபீசர் வசனம் இன்னும் ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றான். அப்புறம் நண்டு வேண்டுமா என்று கேட்டான்.

சிடிஎஸ் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. ஓடிஏவுக்கு மட்டும் எழுதினால் ஆங்கிலமும் பொது அறிவும்தான், கணக்கு கிடையாது. ஆங்கில இலக்கணம் நான் சொல்லித் தருகிறேன், தினமும் மாலை 6 மணிக்கு, என் வீட்டுத் திண்ணையில். பொது அறிவுக்கு உங்களில் யார் வருகிறீர்கள்? அரசு வேலையில் இருப்பவர்கள் நழுவ வேண்டாம், யார் யார் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். வாசற்படிப் பையனிடம் அவன் அம்மா மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.