தானே கற்றவர் ஆசிரியராகலாமா?

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை கீபோர்டும் கிதாரும் குழலும் சொல்லித்தருபவர்களில், யாரிடமும் முறையாகப் படிக்காமல் கேட்டும் வாசித்தும் தேறியவர்கள் பலர். தேவாலயப் பாடற்குழுவும் மெல்லிசைக் கச்சேரி மேடையுமே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். 'குரு இல்லாதவரிடம் பிள்ளையை விடலாமா?' என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. ஆனால், சான்றிதழ் இல்லை என்பதற்காக மட்டும் அவர்களை ஒதுக்குவது சரியல்ல.

கர்நாடக இசையின் மாபெரும் குழலிசைக் கலைஞர் மாலி என்கிற டி.ஆர்.மகாலிங்கம். 1926-ல் திருவிடைமருதூரில் பிறந்த அவர், வாய்ப்பாட்டை மாமாவிடம் கற்றார். குழலைத் தானே ஊதிப் பழகினார். பாட்டில் ஊறிய காது கேட்டதையெல்லாம் உதடும் விரலும் தேடிப்போயின. வாய்ப்பாட்டின் கமகங்கள் மூங்கிலில் ஒலித்தன. அவரிடம் கற்ற என்.ரமணி (1934–2015), தானும் பல மாணவர்களை உருவாக்கினார். வாத்தியத்துக்குக் குரு இல்லாத ஒருவரிடமிருந்து ஒரு வழிமுறையே கிளைத்திருக்கிறது. ஆனால், மாலியின் காதுக்கு ஆசிரியர் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

தானே கற்றவருக்கு ஒரு பெரும் பலம் உண்டு. தடுக்கி விழுந்த இடமெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். குழலைப் புதிதாகப் பிடிக்கும் குழந்தை மூச்சு முழுவதையும் கொட்டும். தலை சுற்றுமே தவிர ஒலி வராது. 'குறைவாக ஊது, குழலை உதட்டோடு கொஞ்சம் உள்ளே திருப்பு' என்று அவர் சொல்வது, அந்தத் தலைசுற்றலைத் தானும் பட்டு அறிந்ததால்தான்.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. தன் கைப்பழக்கத்தையே அவர் பாடமாக்கிவிடலாம். தானே கற்ற கீபோர்டு கலைஞர்கள் சிலர் எல்லாப் பாட்டையும் 'சி' ஸ்கேலிலேயே வாசித்து, சுருதியை மாற்ற டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துவார்கள். மேடையில் அது உதவும். அப்படியே கற்ற மாணவர் பியானோ முன் அமர்ந்தால் திண்டாடுவார். தன் வழக்கம் எது, வாத்தியத்தின் இலக்கணம் எது என்று பிரித்தறிபவரே ஆசிரியராகத் தகுந்தவர்.

அந்தத் தகுதியைச் சோதிக்க முடியும். மாமல்லபுரத்தில் 1957-ல் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, பரம்பரைத் தொழிலில் தேறிய வைத்தியநாத ஸ்தபதியிடமே பொறுப்பை ஒப்படைத்தது. அவர் தானே கற்றவர் அல்லர். ஆனாலும் கைத்திறனே தகுதி என்பதை அரசு அன்றே ஏற்றது. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும், துறை அனுபவம் மிக்கவர்கள் பட்டம் இல்லாமலேயே கல்லூரிகளில் கற்பிக்க வழி செய்தது.

இதே வழியை மாவட்ட அளவிலும் திறக்கலாம். கலை பண்பாட்டுத் துறை இந்தக் கலைஞர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். புதிய மாணவர் ஒருவருக்குப் பாடம் நடத்தச் சொல்லிப் பார்க்கட்டும். தேறியவர்களுக்குச் சுரக்குறிப்பிலும் கற்பிக்கும் முறையிலும் குறுகிய காலப் பயிற்சி அளித்து, ஜவகர் சிறுவர் மன்றங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தட்டும். கட்டணம் கட்டி இசை கற்க முடியாத மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு, பக்கத்துத் தெருவிலேயே ஓர் ஆசிரியர் கிடைப்பார்.