மண்டபத்துக்குச் சுவர் ஏது?

சென்ற இதழில் திருத்தணி நண்பர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: நம் சங்கீதம் கல்லுக்கு நடுவே வளர்ந்தது, கோயில் மண்டபத்தில் பஞ்சும் மெத்தையும் ஒட்டிவைத்து யாரும் நாகஸ்வரம் வாசிக்கவில்லை, ஆகவே வீட்டில் பாட்டுக் கேட்க அறையைத் திருத்துவது மேல்நாட்டு வீண்வேலை. பெரிய வூஃபர், உயர்ந்த கேபிள், பழகிய காது, இந்த மூன்றும் இருந்தால் போதுமாம். சாட்சிக்கு முத்துசுவாமி தீட்சிதரையும் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களையும் அழைத்திருக்கிறார். அழைத்ததோடு சரி. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிக்கவில்லை.

தீட்சிதரிலிருந்தே தொடங்குவோம். திருத்தணி மலையில் முருகன் முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு இட, மாயாமாளவகௌளையில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' பிறந்தது என்பது மரபு. "அவருக்கு எந்த அக்கவுஸ்டிக் பேனல் இருந்தது?" என்று கேட்கிறார் நண்பர். இல்லைதான். 365 படி ஏறிப் போனால் தலைக்கு மேலே பேனலை விடச் சிறந்த ஒன்று இருக்கிறது: வானம். அங்கே பாடிய குரல் போன திசையில் போய்விடும். சுவரில் முட்டித் திரும்பி வந்து அடுத்த ஸ்வரத்தின் மேல் விழாது. மலையுச்சியில் பாடியவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, பன்னிரண்டுக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதை நியாயப்படுத்துவது துணிச்சல்தான்.

மண்டபமும் அப்படியே. கல்தூண் இருக்கிறது, கல்கூரை இருக்கிறது, சரி. சுவர் எங்கே? நம் ஊர்க் கோயில்களில் வித்வான்கள் உட்கார்ந்து வாசித்த மண்டபங்களில் பெரும்பாலானவை மூன்று பக்கமோ நாலு பக்கமோ திறந்தவை. இந்தத் திறப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகத்துக்கு எண்ணில் காட்டியவர் வாலஸ் சபைன். 1895ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியக விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை வினாடி நின்று முழங்கியது. இளம் இயற்பியல் ஆசிரியரான சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து அளந்து ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். உறிஞ்சும் திறனுக்கு அவர் வைத்த அளவுகோல் எது தெரியுமா? திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே வெளியேறிய ஒலி திரும்பாது. ஆகவே அதுதான் முழு உறிஞ்சல். அந்தக் கணக்குப்படி நண்பரின் மண்டபம், நாலு பக்கமும் தலைசிறந்த உறிஞ்சுபொருளால் மூடப்பட்ட அரங்கம். நம் முன்னோர் அறையைத் திருத்தவில்லை என்கிறாரே, அவர்கள் சுவரையே வைக்கவில்லை!

அவர் அறைக்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி என்று அவரே எழுதியிருக்கிறார். சிமெண்டுப் பூச்சு, கான்கிரீட் கூரை, வழவழத் தரை. கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து சுமார் 63 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் தன் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சினாலே அதிகம். கணக்குப் போட்டால் சாமான் இல்லாத அந்த அறையில் எதிர்முழக்கம் ஏறக்குறைய மூன்று வினாடி. வீட்டில் சங்கீதம் கேட்க அரை வினாடிக்குள் இருந்தால் நல்லது. மூன்றடிக்கு ஏழடிக் கதவு ஒன்றைத் திறந்து வையுங்கள், அந்த மூன்று வினாடி ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரே ஒரு கதவு! கட்டில், மெத்தை, புத்தக அலமாரி, ஆள் எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும். மேல்நாட்டு வீண்வேலை என்று நண்பர் ஏளனம் செய்வது, கதவைத் திறந்து வைப்பதன் இன்னொரு வடிவம், அவ்வளவுதான்.

எதிர்முழக்கமாவது காதுக்குத் தெரியும். இனி வருவது தெரியாமல் ஏமாற்றுவது. சிறிய அறையில் தாழ்ந்த ஸ்தாயி ஒலிகள் சுவருக்கும் சுவருக்கும் இடையே நிலை அலைகளாக நின்றுவிடுகின்றன. ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் அலையின் அதிர்வெண் கிடைக்கும். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்று பாடப்புத்தகம் சொல்வது 20 டிகிரிக்கு. திருத்தணி வெயிலுக்கு, 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 352 மீட்டர். நண்பரின் 12 அடி நீளம் தருவது 48 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 96. பத்தடி அகலம் தருவது 58. உயரமும் பத்தடியே என்பதால் அதே 58 இரண்டாம் முறையும் வருகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்கிறது. வீடு கட்டும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, அதில் தவறில்லை. கட்டிய பிறகு அந்த அறையைக் கல்மண்டபத்தோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவதுதான் தவறு.

இப்போது ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் கச்சேரிப் பதிவைப் போடுங்கள். ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் 98. நண்பரின் அறை தானாகவே முழங்கும் 96க்குக் கைக்கெட்டும் தூரம். பாடகர் ஆலாபனையில் கீழே இறங்கி மந்திர பஞ்சமத்தில் நிற்கிறார். சுவரோடு ஒட்டிய நாற்காலியில் இருந்தால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கிப் பருத்துக் கேட்கும். நாற்காலியை மூன்றடி முன்னால் நகர்த்தினால், நீளத்தில் சரியாகக் கால்பங்கு, அந்த அலை அங்கே செத்துக்கிடக்கும். பாடகர் பஞ்சமத்தில் தொண்டை கட்டிக்கொண்டவர் போலத் தெரிவார். பாடகர் ஒன்றுதான், ஸ்பீக்கரும் ஒன்றுதான், மூன்றடிதான் வித்தியாசம். நண்பர் தன் கட்டுரையில் "கேபிளை மாற்றியதும் மந்திர ஸ்தாயி விழித்துக்கொண்டது" என்று எழுதியிருக்கிறார். கேபிளை மாற்ற எழுந்தவர் திரும்பி எங்கே உட்கார்ந்தார் என்பதை எழுதவில்லை.

இந்த அளவு அறைகளில் சுமார் 240 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பதில் பெரும்பங்கை முடிவுசெய்வது ஸ்பீக்கர் அல்ல, அறை. மிருதங்கத்தின் தொப்பி, தம்புராவின் மந்திர ஷட்ஜம், கடத்தின் வயிறு, ஆண்குரலின் அடிப்பகுதி எல்லாம் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய் 15 அங்குல வூஃபரை மூலையில் நிறுத்துகிறார் நண்பர். மூலை என்பது அறையின் எல்லா நிலை அலைகளையும் ஒரே சமயத்தில் தட்டி எழுப்பும் இடம். போதாததற்கு, ஆசாரியிடம் சொல்லிப் பெட்டிக்குத் துளை வைத்து அதை 55 ஹெர்ட்ஸுக்கு அமைத்ததைப் பெருமையாகச் சொல்கிறார். அறை 58ல் இரண்டு மடங்காக முழங்கக் காத்திருக்கிறது. பெட்டி பக்கத்திலேயே ஊதிவிடுகிறது. வருகிற 'கும்' சத்தத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் "மண்வாசனை". பெட்டியின் கொள்ளளவும் வூஃபரின் குணமும் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961லேயே கணக்காக்கிவிட்டார். அடுத்த பத்தாண்டில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவுபடுத்தினார். அதற்கும் முன்பே, 1954ல், எட்கர் வில்சர் சிறிய மூடிய பெட்டியிலிருந்தே ஆழமான பேஸ் எடுத்துக் காட்டினார். அங்குலம் பெரிதானால் சுகம் பெரிதாகும் என்பது கடைக்காரரின் இயற்பியல்.

இசைத்தூண் விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. அருமையான சாட்சியை இப்படித் தலைகீழாக நிறுத்தலாமா? நெல்லையிலும் சுசீந்திரத்திலும் ஹம்பியிலும் தட்டினால் ஸ்வரம் தரும் தூண்களைச் செதுக்கிய சிற்பிகள் கல்லின் ஒத்ததிர்வை நன்றாக அறிந்தவர்கள். கல் பாட வேண்டும் என்று விரும்பினார்கள், பாடவைத்தார்கள். ஸ்பீக்கர் பெட்டியின் தர்மம் அதற்கு நேர் எதிர். பெட்டி பாடக்கூடாது. பாட வேண்டியது பதிவில் உள்ள வித்வான். அதனால்தான் 18 மில்லிமீட்டர் பலகை, உள்ளே குறுக்குச் சட்டம், தட்டினால் மொட்டையான சத்தம். இசைத்தூண் போல ஒலிக்கும் பெட்டி, எல்லாக் கச்சேரியிலும் அழைக்காமல் வந்து கூடவே பாடும் ஆசாமி.

திருவிழா மைக்செட் குழாய்களையும் விடவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் கட்டும் குழாய் மூன்று தெரு தாண்டித் தெளிவாகக் கேட்கிறதே, அதில் எந்த அறைக்கணக்கு இருக்கிறது என்கிறார். தெருவில் அறை இல்லை என்பது முதல் பதில். இரண்டாவது, அந்தக் குழாய் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேச்சில் மெய்யெழுத்துகள் வாழும் பகுதியிலும், காது மிகக் கூர்மையாக இருக்கும் மூவாயிரம் நாலாயிரம் ஹெர்ட்ஸிலும் தன் பலம் முழுவதையும் கொட்டுகிறது. அறிவிப்புக்கு அது உத்தமமான கருவி. காணாமல்போன குழந்தையைத் தேட அதைவிட நல்லது கிடையாது. அதில் மிருதங்கம் கேட்டவர்களுக்கு வலந்தலை மட்டும் ஞாபகம் இருக்கும்.

நண்பர் சொன்னதில் ஒன்று நிஜம். சென்னையில் தெரிந்தவர் ஒருவர் சுவர் முழுக்க ஒரு அங்குல ஃபோம் ஒட்டினார், பாட்டு செத்துவிட்டது என்கிறார். செத்திருக்கும். மெல்லிய ஃபோம் உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் தின்னும். 58 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே ஒன்றரை மீட்டர், ஒரு அங்குலம் அதை எந்த மூலையில் தொடும்? முட்டை அட்டைக்கும் இதே கதிதான். ஆனால் இதிலிருந்து அறையைத் தொடவே கூடாது என்ற முடிவுக்குத் தாவுவது, தப்பான மருந்து சாப்பிட்டவரைக் காட்டி வைத்தியத்தையே மறுப்பது. நாலு முதல் ஆறு அங்குலக் கனத்தில் ராக்வுல் பலகைகளை மூலைகளில் நிறுத்தி, பொதட்டூர்பேட்டைப் பருத்தித் துணியால் போர்த்தலாம். பக்கச் சுவரில் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடத்தில் ஒன்று, நாற்காலிக்குப் பின்னால் புத்தக அலமாரி ஒன்று. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நாலடி முன்னால் போட்டால், 48லும் 96லும் அலை வீங்கவும் செய்யாது, சாகவும் செய்யாது. இவ்வளவுக்கும் ஆகும் செலவு அவருடைய கேபிள் விலையை எட்டாது. மிச்சமிருக்கும் 58 முழக்கத்தை ஈக்வலைசரில் கொஞ்சம் தாழ்த்தலாம். செத்த இடத்தை மட்டும் எந்த ஈக்வலைசராலும் எழுப்ப முடியாது, அதற்கு நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும்.

கடைசியாக அந்தக் கேபிளும் "பழகிய காது"ம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஐந்து மீட்டர் போய்வர மின்தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதனால் வரும் இழப்பு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இதற்கு மேல் ஒரு கேபிள் சாதிப்பதாகச் சொல்லும் சூட்சுமங்களை, மேலே மின்விசிறி சுற்ற, வெளியே திருப்பதி பஸ்கள் ஹார்ன் அடிக்க, நண்பர் துல்லியமாகக் கேட்கிறாராம். "கருவி அளக்காததைக் காது அறியும்" என்கிறார். அந்தக் காதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1994ல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரை போட்டும் திரை விலக்கியும் கேட்கவைத்து மதிப்பெண் வாங்கினார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிய, விலை உயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: திரைக்குப் பின்னால் வைத்தபோது, ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றினால் கேட்டவர்கள் உடனே வித்தியாசம் உணர்ந்தார்கள், கண்ணால் பார்த்தபோது அந்த வித்தியாசம் அவர்கள் காதில் ஏறவில்லை. அறையைக் கேட்கவிடாமல் செய்தது கண். அந்தக் கண்ணைத்தான் நண்பர் காது என்று எழுதுகிறார்.

ஆகவே ஒரு பந்தயம். ஸ்பீக்கருக்குப் பின்னால் கேபிள் தெரியாதபடி ஒரு எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டுவோம். நாணயத்தைச் சுண்டி, விழும் பக்கத்தைப் பார்த்து மூன்றாமவர் ஒருவர் கேபிளை மாற்றட்டும், அல்லது மாற்றாமல் விடட்டும். நண்பர் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, நாற்காலியை விட்டு எழவும் கூடாது. பத்து தடவையில் ஒன்பதைச் சரியாகச் சொன்னால் போதும். குருட்டாம்போக்கில் அப்படி வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஜெயித்தால் அடுத்த இதழில் கேபிளின் மகிமையை நானே எழுதுகிறேன். தோற்றால் அந்தக் கேபிளை விற்று ராக்வுல் வாங்க வேண்டும். வேட்டி நான் கொண்டுவருகிறேன்.